சம்டாவுக்கு ஒரு கையெழுத்து

வெளிமாநிலச் சொல் எதுவானாலும் எங்கள் ஊரில் குடியிருக்க வேண்டுமென்றால், ரத்த சொந்தம் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஐந்து மணி லாரியில் திருப்பி ஏற்றிவிடுவார்கள்.

தோலைக் குறிக்கிற சம்டா என்கிற இந்திச் சொல் மாட்டுத்தோல் லோடோடு வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகிறது. தோல் மண்டியில் தரம் பிரிக்கிற ஞானசுந்தரியின் முன்னறையில்தான் குடியிருந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட மனுஷி அவள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்க இப்போதுதான் ஒரு ஆள் கிடைத்திருந்தது. அதற்குள், நாலு நாளில் கையெழுத்து வேண்டும் என்று கெடு போட்டு நோட்டீஸ் வந்துவிட்டது.

தன் சொந்தம் யாரென்று சம்டாவுக்கே தெரியவில்லை. தோலுக்குச் செய்வதைத்தானே சொல்லுக்கும் செய்ய வேண்டும்? மயிர் கழலத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் சம்டாவை ஊறப்போட்டாள். முதல் நாள், வாலாக ஒட்டியிருந்த 'டா' கழன்று மிதந்தது. இரண்டாம் நாள் பிராகிருதத்து 'சம்ம' தெரிந்தது. மூன்றாம் நாள் அதுவும் உரிந்து, அடியில் சமஸ்கிருதத்து 'சர்மன்' வெள்ளைவெளேரென்று கிடந்தது. பொருள் அப்போதும் தோல்தான். எல்லாவற்றையும் பழையபடி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

சர்மன் வம்சத்தில் ஊரில் இருந்தது ஒரே ஆள்: சருமம். பஜாரில் முகக்கிரீம் கடையில், ஏசி போட்ட கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் ஞானசுந்தரியோடு சம்டா வாசலில் வந்து நின்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் இருப்பது உயிருள்ள முகங்களில், செத்த மாட்டோடு எனக்கென்ன உறவு என்றது. ஞானசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாடு உயிரோட இருந்தப்போ அதுமேல என்னம்மா இருந்துச்சு?"

சருமம் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"விடுங்கக்கா, அது நல்லா இருக்கட்டும்" என்றது சம்டா.

அதைக் கேட்டதும் சருமம் மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தது. இறங்கி வந்து கையெழுத்துப் போட்டது. போடும்போது தோளோடு தோள் உரசிவிட்டது. மணி நாலே முக்கால்.

உரசிய வாடை போகவேயில்லை. மறுநாளே கடைக்காரர் சருமத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதுவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஞானசுந்தரி வீட்டுக்கே வந்துவிட்டது. இப்போது அவள் மூன்று தட்டு வைக்கிறாள். பேசுகிற பேச்சில் சோறு ஆறிப்போகிறது.

சருமம் தோல் பக்கம் குடிபோய்விட்டதால், 'சருமத்துக்குப் பூசவும்' என்று டப்பாவில் போட்டிருந்த கிரீமை ஊரார் செருப்புக்குப் பூச ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணின் முகத்துக்குப் பதில் அவள் செருப்பைத் தாம்பாளத்தில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தாள். நல்ல களை என்று சொல்லி, அங்கேயே அதற்குப் பூ வைத்துவிட்டாள்.