மிதிக்காமல் கேட்ட அடி

அறுவடை ஆராதனைக்குச் சரியாகப் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. கானாவின் தகொராடியில், காலால் மிதித்து அடிக்கும் எங்கள் சபையின் பாஸ் டிரம் தானாகவே அடித்துக்கொண்டிருந்தது.

பிரதர் க்வான்சா குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் காலை மிதியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆனாலும் ஸ்பீக்கரில் தும், தும்.

காணிக்கை நடனம் பழகிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஆவி இறங்கிருச்சு. நம்ம ஆவிதானான்னு கேளுங்க" என்றாள். மற்றவர்கள் ஆடியபடியே சிரித்தார்கள்.

பாடகர் குழுத் தலைவி ஆன்ட்டி பென்ட்சில் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "அராபா, அந்தப் பெட்டியக் கழட்டு. வெறும் டிரம் போதும்."

"வேண்டாம் ஆன்ட்டி, பெட்டி இருக்கட்டும்" என்றார் க்வான்சா, அவசரமாக.

"அப்ப நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா? இப்பவே சரியாகலன்னா உங்ககிட்டப் பழகற எகோவ் உங்க இடத்துல உக்காரட்டும்."

பதினோரு வருடமாக அது அவருடைய இடம்.

டிரம்மின் விளிம்பில் ஒரு சென்சாரைக் கவ்வ விட்டிருந்தேன். தோல் அதிர்ந்தால் அது அந்த எலக்ட்ரானிக் பெட்டிக்குத் தெரியும். பெட்டி தன் ஆழமான ஓசையைச் சேர்த்துக் கொடுக்கும். அவ்வளவுதான். கேபிளை மாற்றினேன். தும். சென்சாரைத் தள்ளி வைத்தேன். தும். பெண்கள் தண்ணீர் குடிக்க நின்றார்கள். சத்தமும் நின்றது.

மேடைப் பலகை வழியாக அவர்களுடைய கால்களைத்தான் சென்சார் கேட்டிருக்கிறது. ஆனால் போன மாதமும் இதே பலகையில்தானே ஆடினார்கள்?

பெட்டியில் உணர்திறன் பதினைந்து என்றிருந்தது. முதலில் நான் வைத்தது ஆறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் க்வான்சா "இன்னும் கொஞ்சம் கூட்டும்மா" என்பார். நானும் காரணம் கேட்காமல் கூட்டியிருக்கிறேன்.

மறுபடி ஆறில் வைத்தேன்.

"மிதிங்க பிரதர்."

மிதித்தார். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி அடியின் பலத்தை எண்ணாகக் காட்டும். பதினெட்டு. பெட்டியை மாட்டிய அன்று இதே ஆறில் அவர் மிதித்தது தொண்ணூறு.

"தோல் தளர்ந்திருக்கும்" என்றார்.

தட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"அப்ப மிதியோட ஸ்பிரிங்கா இருக்கும்."

பக்கத்தில் நின்று, என் செருப்புக் காலால் மிதித்தேன். எண்பத்து நான்கு. எனக்கு டிரம் வாசிக்கவே தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தது. எதுவும் சரியாக இல்லை. அவர் முழங்காலை இரு கைகளாலும் தூக்கிப் பாதத்தை மிதியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னதான் ஆச்சு? கோளாறு பெட்டியிலயா, ஆள்கிட்டயா?" என்றார் ஆன்ட்டி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எண்களைச் சொல்லலாம்.

"தெரியல ஆன்ட்டி... நான் இன்னொரு தடவை பாக்கறேன்."

"விடும்மா" என்றார் க்வான்சா. குச்சிகளைத் தரையில் வைத்தார். "பெட்டியில ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அஞ்சு வாரமா என் வலது கால்ல உணர்ச்சியே இல்ல."