சாப்பிட்டுக் காட்டு

அந்த அம்மா டப்பாவைக் கொண்டுவந்து கவுண்டரில் டொக்கென்று வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் நான்தான் சாப்பிட வேண்டும் என்று. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. பட்டுக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து கவுன் கசங்கிப் போய், பசியில் மூஞ்சி சுண்டிக் கிடந்தது. அந்த அம்மா சிக்கன் துண்டு ஒன்றைப் பிய்த்து, எலும்போரத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரும்மா. மேல மசாலாவா இருக்குது, ஒண்ணும் தெரியல. புள்ளைக்கு ஊட்டலாம்னு உள்ள பிச்சேன். நாறுது." நான் மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. காலையில் கறி போட்டுவைக்கிற நீல டப்பைத் திறந்தபோதே மோந்துவிட்டேன். அந்த நாற்றம் இன்னும் என் மூக்குக்குள்ளேயேதான் இருந்தது, கருமம்.

எங்கள் கடைக்குப் பெயர் கிரிஸ்பி ராஜா. காந்தி ரோட்டில், வரிசையாகப் பட்டுக்கடைகள் இருக்கிற பக்கம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வெளியூரிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். கல்யாணப் பெண், அம்மா, அத்தை, பெரியம்மா, நடுவில் நாலைந்து குழந்தைகள். ஒரு கூறைப்புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்கி, ஒரு மணிக்குப் பசியோடு எங்கள் படியேறுவார்கள். எங்கள் முதலாளி தேவேந்திரன் இவர்களைப் 'புடவைக்காரங்க' என்பார். அவருக்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளூர்க்காரனுக்குப் புதுக் கறி. அவன் நாளைக்கும் வருவான், சண்டைக்கும் வருவான். புடவைக்காரங்க சாயங்காலம் வேன் ஏறிவிடுவார்கள், வயிறு கலக்கினால் அவர்கள் ஊரில் கலக்கட்டும், நூறு கிலோமீட்டர் திரும்பி வந்து யார் கேட்கப் போகிறார்கள்? ஆகவே மீந்தது, பழசு, கவிச்சி ஏறியது எல்லாம் அவர்களுக்கு. அதற்கு ஒரு பெயர் வேறு, பெப்பர் ஸ்பெஷல். மிளகை அள்ளிக் கொட்டினால் மூக்கு ஏமாந்துவிடும் என்று அவரே எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பீஸ் பக்கெட்டில் ஏழு போடுவதும், மீதிச் சில்லறைக்குப் பதிலாக இளகிப்போன மிட்டாயைத் திணிப்பதும் இங்கே தினப்படி. அதற்கெல்லாம் யாராவது கத்தினால் கேஷில் இருக்கும் சந்தோஷ்குமார் பல்லைக் காட்டிச் சமாளித்துவிடுவான். போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறவர்களுக்கு முதலாளியின் மச்சான் பத்துப் பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டு ஈடுகட்டுவான். ஆனால் கறி நாறுகிறது என்று கவுண்டருக்கே வந்து நிற்கிறவர்களுக்குத்தான் நான்.

அது எப்படி என் தலையில் விழுந்தது என்று கேட்டால், நான் அப்போது மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் வந்து வேகாத கறி என்று கூச்சல் போட்டார். உண்மையில் அன்றைக்கு அது நல்ல கறிதான். முதலாளி சட்டென்று என்னைக் கூப்பிட்டு, "கலை, நீ ஒரு வாய் சாப்ட்டுக் காட்டு" என்றார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, சொன்னேன். கத்தியவர் அப்படியே அடங்கிப் போனார். அன்று சாயங்காலம் முதலாளி என்னை மேசை வேலையிலிருந்து கவுண்டருக்கு மாற்றினார். "உன் மூஞ்சில ஒரு குடும்பக் களை இருக்குதும்மா. நீ சாப்ட்டா ஜனங்க நம்புறாங்க" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன், அறிவுகெட்டவள். பிரேம்நாத்தும் சிரித்தார். பிரேம்நாத் என் வீட்டுக்காரர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். ஆடியில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். செவிலிமேட்டு வீட்டு வாடகையும் பையன் பள்ளிக்கூடப் பணமும் அதற்குப் பிறகு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இந்த வேலை போனால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுக்கார அம்மா ஏற்கனவே ஜாடையாகப் பேச ஆரம்பித்தாயிற்று.

நல்ல கறி, நல்லதில்லாத கறி, எதுவானாலும் அப்புறம் நான்தான். வாரத்துக்கு ஒருத்தராவது வருவார்கள். நான் பிட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கி, "நல்லாத்தான் இருக்குது, மசாலா வாசனை அது" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். அவர்கள் அசடு வழிந்துகொண்டு டப்பாவை எடுத்துப் போவார்கள். நான் பின்பக்கம் போய் வாய் கொப்பளிப்பேன். ஒரு தடவை ரெண்டு நாள் வயிறு பிடுங்கிப் படுத்துவிட்டேன். அந்த ரெண்டு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார் புண்ணியவான். கறியைப் பார்த்தாலே குமட்டுகிறது இப்போதெல்லாம். பையன் கோழிக்குழம்பு கேட்டால், முட்டை போதும் என்கிறேன்.

ஆனால் இன்றைக்கு இருந்தது வேறு. நேற்று எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் வெடித்து, மதியம் போன கரண்ட் இன்று காலையில்தான் வந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவில்லை. நான் வந்தபோது ஃப்ரீசரிலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்து தரையெல்லாம் பிசுபிசுத்தது. பொரிக்கிற மாஸ்டர் குமரன் நீல டப்பில் கைவிட்டு ஒரு துண்டைத் தூக்கினார். துண்டோடு கோழை மாதிரி ஒரு நூல் கூடவே எழுந்து வந்தது. "சார், வேணாம் சார். கொட்டிடலாம்" என்றார். குமரன் சாதாரணமாக எதற்கும் அசராத ஆள். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், பொத்திய மூக்கோடே சொன்னார்: "நாலு தண்ணி அலசு. எலுமிச்சம்பழம், உப்பு. பெப்பர்ல போட்டுரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, முகூர்த்த மாசம், பூரா புடவைக்காரங்கதான்." குமரன் அலசினார். அலசிய தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சீ, நானும் ஒரு மனுஷியா.

இப்போது அந்த டப்பா என் முன்னால். வேனில் வந்த மற்றவர்கள் பின்னால் ரெண்டு மேசையில் உட்கார்ந்து இன்னும் பிரிக்காத டப்பாக்களோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த முருகேசன் வாசலோரம் நின்றான். வெளியூர்க்காரர்களைப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போகிற தரகன் அவன். பட்டுக்கடையிலும் அவனுக்குக் கமிஷன், எங்களிடமும் கமிஷன். முதலாளி தன் நாற்காலியிலிருந்து எழுந்துகூட வரவில்லை. "நாறுதா? எங்க கடையிலயா? சான்ஸே இல்லம்மா. கலை, அம்மாவுக்குச் சாப்ட்டுக் காட்டு" என்றார். ஒரு டீ கொண்டுவா என்று சொல்கிற மாதிரி.

எடுத்தேன். எலும்போரம் வேண்டாமே என்று மேல்பக்கமாகக் கடித்தேன். முதலில் மிளகுதான், நாக்கு எரிகிற மிளகு. அது தாண்டியதும் வந்தது. புளித்ததா, அழுகியதா, ஈரத் துணியைப் பையில் கட்டிவைத்து மறந்த வாசனையா, என்ன சொல்ல. பல்லில் நார் நாராக வராமல் மாவு மாதிரி குழைந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையும் பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, மிளகு என்று நினைத்திருப்பார்கள். விழுங்கினேன். அது தொண்டையில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்குதும்மா. மசாலா வாசனை அது" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்பாடா. தப்பா நெனச்சுக்காதம்மா. புள்ளைக்குப் பாரு, அதான் பயந்துட்டேன். காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல இது" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு நான் பின்பக்கம் போயிருப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று இத்தனை மாதத்தில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இன்றைக்கு அந்த அம்மா மேசைக்குக்கூடப் போகவில்லை. குழந்தையைக் கவுண்டர்மேல் உட்கார்த்திவைத்து, நான் கடித்த அதே துண்டின் மறுபக்கத்திலிருந்து பிய்த்து, எலும்பு இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, ஊதினார். காரம் போகட்டும் என்று தண்ணீரில் தொட்டுத் துடைத்தார். என் பையனுக்கு நான் அப்படித்தான் ஊட்டுவேன். குழந்தை ஆவென்று வாயைத் திறந்தது.

நான் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. "குடுக்காதீங்கம்மா."

"இன்னாது?"

"குடுக்காதீங்க. கெட்டுப்போன கறி. நேத்துலேர்ந்து கரண்ட் இல்ல, ஐஸ் பொட்டி பூரா நாறிப் போச்சு. அலசிட்டுப் போட்டுக்கினு இருக்காங்க. வேன்ல வந்த யாருமே துன்னாதீங்க."

முதலாளி இப்போது எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டே வந்தார். "கலை, நீ உள்ள போம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார். "அட்வான்ஸ் கேட்டுக்கினு இருந்துச்சு. தரமுடியாதுன்னேன். வீட்டுக்காரருக்கு வேலை இல்ல பாவம். அந்தக் கடுப்புல பேசுது. நீங்க சாப்டுங்க."

பொய்! நான் அட்வான்ஸ் கேட்டதே இல்லை. வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து முருகேசன், "யம்மா, போன வாரம் எங்க ஆம்பூர் பார்ட்டி முன்னாடி நீதான சாப்ட்டு சூப்பர்னு சொன்ன? அதுக்கு முந்தின வாரமும் சொன்ன. இன்னைக்கு இன்னா வந்துச்சு உனுக்கு?" என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அந்த அம்மா கையை உதறி விடுவித்துக்கொண்டார்.

"இப்பதானேம்மா நல்லாருக்குதுன்ன? என் கண்ணு முன்னாடி முழுங்கின. இதுல எதை நான் நம்புறது?"

"வேலை போயிடும்னு முழுங்கினேம்மா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். சாக்கடையில் கால் வைத்துவிட்டவர்கள் காலைப் பார்ப்பார்களே, அப்படி. எனக்கும் என்மேல் அப்படித்தான் இருந்தது. வாங்க வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். குழந்தை அதற்குள், "ம்மா, பசிக்குது" என்று அழுதுகொண்டே டப்பாவுக்குக் கை நீட்டியது. அந்த அம்மா டப்பாவைத் தள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது மேசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் போல. மாணிக்கவேல் அண்ணே என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. நிதானமான ஆள். என்னையும் பார்த்தார், முதலாளியையும் பார்த்தார். "அந்தப் பொண்ணு ரெண்டு விதமாச் சொல்லுது. அத உடு. கடை உன்னுதுதானேப்பா? நீ ஒரு வாய் சாப்டு" என்றார்.

"அதுக்கென்ன சார், தாராளமா" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு டப்பாவுக்குள் பார்த்தார். மேலாக இருந்த மொறுமொறு ஓட்டைக் கிள்ளினார். "ஓடு வேணாம். கறியா எடுப்பா. எலும்போரமா" என்றார் பெரியவர். பின்னால் ரெண்டு பேர் போனைத் தூக்கிவிட்டார்கள். முருகேசன்கூட உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். சந்தோஷ்குமார் கல்லாவை இழுத்து மூடினான்.

முதலாளி எடுத்தார். அவர் கடைக் கறியை அவர் தின்று நான் இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். நல்ல பெரிய துண்டாகவே வாயில் போட்டுக்கொண்டார், அந்தத் தைரியத்தைச் சொல்ல வேண்டும். போன்களைப் பார்த்துத் தலையை ஆட்டி மென்றார். ரெண்டு மென்றார், மூன்று மென்றார். அப்புறம் தாடை நின்றுவிட்டது. புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்த்தது. எனக்கு என்னமோ, வேலை போன துக்கம், வாடகை, எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய் அவர் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க சார். எப்படி இருக்குது? குடுக்கலாமா புள்ளைக்கு?" என்றார் அந்த அம்மா.

முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"வாயால சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

இடது கன்னம் உப்பியிருக்க, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, உயர்த்திய கட்டைவிரலோடு அவர் நின்றார். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.