கண் டாக்டர், நான்கு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பெட்டி பாட்டுகளை எண்ணத் தொடங்கியது.

கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி. அவள் அதை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் செருகியிருந்தாள். இருவர் போனிலும் உள்ள பாட்டையெல்லாம் அது தனக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். வைஃபை வழியாகக் கூடத்து ஸ்பீக்கருக்கு வரும். எதைப் போடுவது என்று அவரவர் போனிலேயே தட்டிக்கொள்ளலாம். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவள் வேலை. சொந்த வீட்டுக்கு இன்றுதான் நேரம் வாய்த்தது.

"இன்ஜினியரம்மா, உங்க பெட்டி எப்பத்தான் பாடும்? காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றான் கணவன். பத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன்.

"பொறுங்க. நீங்க மட்டும் பஸ்ஸை நேரத்துக்கா எடுக்கறீங்க?"

"எங்க டிப்போவுல வந்து கேட்டுப் பாரு. ஒரு நிமிஷம் பிசகாது."

டிப்போ என்றதும் அவள் தன் போனுக்குக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கண் டாக்டர் கூப்பிட்டிருந்தார். இவன் போனை எடுக்கவில்லையாம், அதனால் அவளுக்கு அடித்தார். அவன் கண் சோதனை முடிவு வந்துவிட்டது. இனி பஸ் ஓட்டக் கூடாது. திங்கட்கிழமை டிப்போவுக்குக் கடிதம் போகும். அதற்குள் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அன்று மாலை தலைவலி என்று படுத்துவிட்டான். அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் ஓட்டினான். அவள் அன்று முழுவதும் போனைக் கீழே வைக்கவில்லை. இன்று இரண்டு பாட்டு கேட்கட்டும், பிறகு சொல்லலாம்.

இருநூறு. நானூறு. அவள் போனில் பட்டியல் நீண்டது. பாட்டு, பாட்டு, பாட்டு. பிறகு, 'மூணாவது மாடி கஸ்டமர்'. அதன் கீழே, 'ஆபீஸ் மேனேஜர்'.

வெள்ளிக்கிழமை டாக்டர் பேசியதும் உள்ளே போயிருக்கும்.

கஸ்டமர் பேசுவதெல்லாம் பதிவாக வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. அவள் போன் வருகிற எல்லா அழைப்பையும் தானாகவே பதிந்துகொள்ளும். பாட்டு ஃபோல்டரை மட்டும் காட்டுங்க என்று வீட்டுக்கு வீடு தொண்டை வற்றச் சொல்கிறவள், அவசரத்தில் தன் போனில் 'எல்லா ஆடியோவும்' என்பதைத் தட்டியிருந்தாள்.

"ஹே, என் போன்லயும் லிஸ்ட் வந்துடுச்சு! கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தட்டவா?"

"தொடாதீங்க!" குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டாள். "இன்னும் எண்ணி முடிக்கலை. தொட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கும்."

"சரி தாயே. ஹார்ன்கூட அடிக்க மாட்டேன்."

பெட்டிக்குள் போகக் கடவுச்சொல் கேட்டது. தப்பாக அடித்தாள். மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை திறந்தது. பதிவுகள் இருந்த ஃபோல்டரைத் தேடி மொத்தமாக அழித்தாள். மறுபடி எண்ணச் சொன்னாள். அவள் போனில் இப்போது பாட்டுகள் மட்டும். போன உயிர் திரும்பி வந்தது.

"இப்ப போடுங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் போனை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு கையை நீட்டி எட்டப் பிடித்தான். மறுபடி மூக்கருகே.

பாட்டு ஆப்பை ஒருமுறை மூடித் திறக்கும்வரை போனில் பழைய லிஸ்ட்தான் நிற்கும். கஸ்டமர்களுக்கு அதைத் தினமும் சொல்வாள். இவனுக்குச் சொல்லவில்லை.

"ஏம்மா, இங்க 'கண் டாக்டர்'னு ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை, நாலு நிமிஷம். தட்டினா, அழிச்சாச்சுங்குது. நீயா அழிச்சே?"