நீக்க வேண்டிய வரி

1
இந்தக் கதை என் தங்கையின் வேலையிலிருந்து வந்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், அரைமனதாகத் தலையாட்டினாள். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் கேமரா வைத்து, பக்கத் தெருவிலிருந்து வருகிறவர்கள் பெரிய சாலையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி கிடைத்தால் வண்டியை எடுக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. ஆளுக்கு ஒரு வரி: விட்ட இடைவெளி, எடுத்த இடைவெளி. அதை வைத்துத்தான் அங்கே சிக்னல் வேண்டுமா என்று முடிவாகும்.

அப்படி எடுத்த படம் ஒன்றில் அவள் கணவர் லாரியில் அடிபட்டு இறந்துபோகிறார். அந்த வரியை வேறு யாரும் பதியக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

2
முதல் தொடக்கம்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்...'

(பொய். நல்ல வெயில். சாவு என்றதும் மழையைத் தேடி ஓடுகிற புத்தி எனக்கு.)

இரண்டாம் தொடக்கம்: 'பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துத் தொலைத்ததால்தான் மாப்பிள்ளை...'

இதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

"ஹாரன்னு எழுதாதண்ணா. அந்தப் படத்துல சத்தமே கிடையாது."

"யார் மேலயாவது பழி போட வேண்டாமா?"

"உனக்கு வேணும். எனக்கு வேண்டாம்."

3
பெரிய இடைவெளியை விட்டுவிட்டு, பிறகு அதைவிடச் சின்னதில் வண்டியை எடுத்தவர்களை, நிலையில்லாதவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அது அவர்கள் அலுவலக விதி. மாப்பிள்ளை அப்படித்தான் செய்தார்.* இங்கே என் பாத்திரத்தை நானே நம்பவில்லை.

* கதவைப் பூட்டிவிட்டு, பாதித் தெரு போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர்.

"பெரிய இடைவெளி வந்தப்போ, அவர் ஸ்கூட்டருக்கு முன்னால ஒருத்தி குழந்தைவண்டியத் தள்ளிக்கிட்டுப் போறா" என்றாள் தங்கை. "அவளுக்காக நின்னார். விதிக்கு அது தெரியாது."

"அப்போ திருத்தி உள்ள சேத்துடு."

"சேத்தா, இந்தச் சின்ன இடைவெளியே போதும்னு போனவங்க கூட்டத்துல அவரும் ஒருத்தர். அந்தக் கூட்டம் பெருசானா, சந்திப்பு நல்லாத்தான் ஓடுது, சிக்னல் வேண்டாம்னு சொல்லிடுவாங்க."

"நீக்கிட்டா?"

"நிலையில்லாத ஆளுன்னு ஆயிடும். அவரப் போயி."

"ஒரு வரியால முடிவு மாறிடுமா?"

"மாறாது. எனக்குத்தான் மாறும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

4
முடிவுகள்.

(அ) விதிப்படி நீக்குகிறாள்.

(ஆ) திருத்தி வைத்துக்கொள்கிறாள்.

(இ) மாப்பிள்ளை அந்தச் சின்ன இடைவெளியையும் விட்டுவிடுகிறார். லாரி கடந்து போகிறது. சாலை காலியாகிறது. அவர் மெதுவாகத் திரும்பி, வீட்டுக்கு

மூன்றாவதை இவ்வளவு தூரம்தான் எழுதினேன். தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இத முடிக்காதண்ணா" என்றாள். "முடிச்சா நான் தினமும் எடுத்துப் படிச்சுக்கிட்டே இருப்பேன். வேற எந்த வேலையும் ஓடாது."

பேனாவை மூடிவிட்டேன். நாளை அவள் அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் இரண்டில் எது என்று என்னைக் கேட்கிறாள். பதில் தெரியாமல்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். அவள் பக்கத்து அறையில் காத்திருக்கிறாள், யோசித்துச் சொல்லுங்கள்.