மேற்குக் கரை மணல்

லீவில் சொந்த ஊரான வடகரைக்கு வந்ததிலிருந்து ஹுஸைஃபா தூங்கிக்கொண்டே இருந்தான். சாப்பிட எழுந்தான், தொழ எழுந்தான், மறுபடி படுத்துக்கொண்டான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மாலத்தீவில், ஓட்டல்காரர்கள் குத்தகைக்கு எடுத்த ஒரு சின்னத் தீவில் அவனுக்கு மணல் பம்பில் வேலை. கடலடியில் கிடக்கும் மணலைத் தடித்த குழாய் வழியாக உறிஞ்சிக் கரையில் கொட்டுவார்கள். அந்தக் குழாயை வருஷக்கணக்கில் தோளில் தாங்கி இழுத்ததில் தோள் போய்விட்டது.

அவன் மனைவி சனோபர் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்து தைலம் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதே அவன் தூங்கிப்போவான். ஞாயிற்றுக்கிழமை அவளே ஆட்டோ பேசிவிட்டு வந்து அவனை எழுப்பினாள்.

"எந்திரிங்க மச்சான். சீசன் ஆரம்பிச்சிட்டு. ஊரே குத்தாலத்துல கெடக்கு, நீங்க சுவரப் பாத்துப் படுத்திருக்கீய."

"தண்ணியப் பாத்தே சடைச்சிப் போச்சு சனோபர்."

"அது உப்புத் தண்ணி. வாங்க."

ஐந்தருவிக்குப் போனால் போலீஸ் தடுப்புக் கட்டியிருந்தது. மலைமேல் பெய்த மழையில் வெள்ளம் கூடி, அருவி செம்பழுப்பாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. துண்டும் மாற்றுத்துணியும் அடங்கிய பைகளோடு கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. ஹுஸைஃபாவுக்கு உள்ளூர நிம்மதி. ஒரு சிப்ஸ் கடையோரம் பெஞ்சைப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது.

அப்போதுதான் தீவிலிருந்து முத்துராஜ் போனில் கூப்பிட்டார். அவர் சுரண்டைக்காரர். ஹுஸைஃபாவை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். பம்புக்கு அவர்தான் மேஸ்திரி.

"ஏலே, மேற்க மணலே இல்ல. வில்லாவுக்கு அடியில கான்கிரீட்டுத் தூணு பல்லு மாதிரித் தெரியுது. மேனேஜர் உன்னிய உடனே வரச் சொல்லுதாரு."

"லீவு இன்னும் பாதிகூட ஆவலியே அண்ணாச்சி."

"தெரியும். நான் கேக்கலலே. அவரு சொல்லச் சொன்னாரு, சொல்லுதேன்."

முத்துராஜின் குரலும் சோர்ந்திருந்தது. அவர் வற்புறுத்தாமல் வைத்துவிட்டார்.

சனோபர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்தத் தீவுக்குப் போய்வருகிறான். சாப்பாடு, ரூம், சம்பளம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மணலைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அங்கன ஆறும் கெடையாது, மலையும் கெடையாதுன்னு சொல்லுவீய. பெறகு மணல் எங்கருந்து வருது?"

"கடலுக்குள்ளயே உண்டாவுது. எல்லாம் உசுரோட இருந்ததுதான். சிப்பி, சங்கு, உடைஞ்ச பவளப்பாறை. ரவை மாதிரி பொடிப் பூச்சி இருக்கும், அது செத்தா அதோட ஓடு. பச்சையா ஒரு பாசி உண்டு, சின்னச் சின்னக் காசு கோத்த மாதிரி. காஞ்சா வெளுத்து உதுந்து மணலாயிரும்."

"வேற?"

"கிளிமீன்னு ஒண்ணு. கிளி மூக்கு மாதிரியே வாயி. பாறையில இருக்க பாசியத் திங்கதுக்காவ பாறையயே கடிக்கும். கடிக்க சத்தம் தண்ணிக்குள்ள நமக்குக் கேக்கும். கல்ல வயித்துல அரைச்சி, பின்னால மணலா விட்டுரும்."

சனோபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த மணல்லயா துணி விரிச்சிப் படுத்துக் கெடக்கானுவ வெள்ளக்காரன்லாம்?"

"அதுலதான்." வந்த பிறகு முதல்முறையாக அவனும் சிரித்தான்.

பிறகு அவனாகவே சொன்னான். அலை அந்தத் தூளையெல்லாம் பாறைக்கு மேலாக அள்ளிவந்து ஓரிடத்தில் குவிக்கும். அப்படிக் குவிந்ததுதான் தீவு. தென்மேற்குக் காற்றில் மேற்குக் கரை மணல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்விடும். காற்று திரும்பும்போது அதுவும் திரும்பும்.

"பெறகு நீங்க எதுக்கு அள்ளுதீய?"

"ஜூன் மாசம் வாரவனுக்கும் வாசல்ல மணல் வேணும்லா. போவாம இருக்கட்டும்னு தெக்கு முனையில மணல் மூட்டை அடுக்கிச் சுவரு கட்டச் சொன்னாங்க, கட்டுனோம். மணல் சுவர ஒட்டியே ஓடி ஆழத்துல விழுந்துட்டு. கிழக்க போனது வர வழியில்லாம அங்கனயே நின்னுட்டு. ஓட்டல்ல வேலை பாத்த கடல் ஆராய்ச்சிக்காரப் பொண்ணு, சுவருதான் காரணம்னு படம் போட்டுக் காட்டுனா. மேனேஜரு தலைய ஆட்டுனாரு, அவ்வளவுதான். இப்பம் நாங்க அள்ளிப் போடுதோம், கடல் எடுத்துக்கிடுது. அள்ளுன எடம் கெடங்காக் கெடக்கு. அந்தக் காசுப் பாசியெல்லாம் போச்சு. கலங்கல் படிஞ்ச பாறைக்கு மீனும் வரல."

சனோபர் அவன் வலது தோளைப் பார்த்தாள். "போவாதீய" என்றாள்.

"அண்ணாச்சி ஒத்தையில குழாய் இழுப்பாரு. அவருக்கு வயசு அறுபத நெருங்குது."

மறுநாள் சனோபர் தன் கடையிலிருந்து தோளுக்குப் போடும் பட்டையும் தைலமும் வாங்கிவந்து அவன் பெட்டியில் வைத்தாள்.

அவன் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பம்பு உடைந்தது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். விருந்தினர் பார்க்க ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. தெற்கு முனைச் சுவரைப் பிரித்து, மூட்டைகளை வில்லாக்களின் தூண்களுக்கு அடியில் அடுக்கச் சொன்னார்.

இடுப்பளவு தண்ணீரில், பாசி பிடித்து வழுக்கும் மூட்டைகளை அவனும் முத்துராஜும் இருபுறமும் பிடித்துத் தூக்கினார்கள். ஹுஸைஃபாவுக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் கண் இருட்டியது.

"நாமதான் கட்டுனோம், நாமளே பிரிக்கோம்" என்றார் முத்துராஜ், மூச்சு வாங்க.

"பேசாதீய அண்ணாச்சி. தூக்குங்க."

பம்புக்குச் சாமான் வந்தபோது கடல் கொந்தளிப்பாக இருந்தது. குழாயை இறக்க முடியவில்லை. அப்படியே மாதங்கள் போயின. ஐப்பசியில் காற்று ஓய்ந்து, பிறகு வடகிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. ஒரு காலையில் முத்துராஜ் வந்து கதவைத் தட்டினார்.

"ஏலே, வந்து பாரு."

தெற்கு முனையை வளைத்துக்கொண்டு வெள்ளை மணல் ஒரு நாக்குப் போல மேற்கே நீண்டிருந்தது. நாளாக ஆக அது அகன்றது. தூண்கள் மறைந்தன. முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. ஆழத்தில் விழுந்தது விழுந்ததுதான். ஆனாலும் அது கரை.

ஹுஸைஃபா சனோபருக்கு வீடியோவில் காட்டினான். அவள் கடையில் நின்றபடியே பார்த்தாள்.

"நீங்க அள்ளிப் போட்டதா?"

"இல்ல. அதுவா வந்துட்டு."

"யப்பா, என்ன வெள்ள!" என்றாள். பிறகு, "தோளு எப்படி இருக்கு?" என்றாள்.

"தூக்க முடியல."

மேனேஜர் பம்பு ஆட்களைக் கூப்பிட்டுப் பாராட்டிக் கேக் வெட்டினார். முத்துராஜ் அரைகுறை இங்கிலீஷில், சுவரை எடுத்ததால்தான் வந்தது என்றார். "வெரி குட், வெரி குட்" என்ற மேனேஜர், வந்த மணல் இனிமேல் போகாதபடி கல்லிலேயே சுவர் கட்டப்போவதாகச் சொன்னார். ஹுஸைஃபாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். கேக்கைத் தின்று முடித்தான்.

தை மாதம் அவனும் முத்துராஜும் வேலையை முடித்துக்கொண்டு ஒன்றாக ஊர் வந்தார்கள். ஹுஸைஃபாவின் தோள் முழுதாகச் சரியாகவில்லை. செங்கோட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை ஒன்றில், உட்கார்ந்தபடி செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சனோபரோடு பேசிக்கொண்டிருக்கும் அளவுக்கு விழித்திருந்தான்.

வைகாசியில் ஒருநாள் சுரண்டையிலிருந்து முத்துராஜ் போன் செய்தார். தீவிலிருந்து யாரோ அவரிடம் பேசியிருந்தார்கள்.

"கல்லுச் சுவரு கட்டியாச்சாம்லே."

"மணலு?"

"நான் கேக்கல" என்றார் முத்துராஜ். "நீயும் கேக்காத. சாப்பிட்டியா?"