எலும்பு ஒடிப்பவளின் தம்பி

காலையிலிருந்து சாயங்காலம் வரை எலும்பை ஒடிப்பதுதான் அக்காவுக்கு உத்தியோகம். ஆய்வுக்கூடத்தில் மாட்டின் கால் எலும்பைச் சன்னப் பட்டைகளாக அறுத்து, இயந்திரத்தில் கிடத்தி, நடுவே அழுத்தி, எவ்வளவு சுமையில் முறிகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவளின் சொந்தத் தம்பியே படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்?

தம்பி பேருந்து ஓட்டுநர். மாவுக்கட்டைப் பிரித்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி காலை ஊன்றி நடக்கலாம், நடந்தால்தான் மறுபடி வண்டி ஓட்ட முடியும் என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்டால்தானே! குளியலறைக்குக்கூடத் தோளில் தாங்கித்தான் கூட்டிப்போனாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பாள். அது முடிந்தால் இன்னொரு வாரம். பிடிவாதத்துக்குப் பேர்போன பயல், வாயைத் திறக்காமல் அவள்மேல் சாய்ந்து நொண்டினான். இப்படி அடங்கிப்போனானே என்று அவள் உருகினாள்.

அன்று வேலைக்கு நடுவே, தம்பி எழுந்து கிழுந்து தொலைக்கப்போகிறான் என்ற நினைப்பு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள். பேச்சு வளர்ந்தது. உப்புநீர்த் துணியில் சுற்றியே வைக்க வேண்டிய எலும்புப் பட்டை மின்விசிறிக் காற்றில் காய்ந்து கிடந்தது. இயந்திரத்தில் வைத்தால் கொஞ்சமும் வளைந்து கொடுக்காமல் சாக்பீஸ் போலப் பட்டென்று போய்விட்டது.

ஆய்வுக்கூடத் தலைவி அக்காவை நன்றாக அறிந்தவள். திட்டவில்லை.

"இங்க ஒடியறது எல்லாம் செத்த எலும்பும்மா. அவனுது உயிருள்ளது. சுமை தாங்கத் தாங்கத்தான் கெட்டிப்படும்னு புதுசா வர்றவங்களுக்கு நீதானே சொல்ற?"

சொல்லிவிட்டு, நெடுநாள் ஊன்றாமலே வைத்திருந்த ஒரு காலின் எலும்புச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தாள். நல்ல எலும்பில் நுண்குழாய்களைச் சுற்றி அடுக்குகள் வளையம் வளையமாக நெருங்கியிருக்கும். இதிலோ குழாய்கள் அகன்று, எங்கு பார்த்தாலும் ஓட்டை. எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்றைக்கு அக்காவுக்கு அதில் தம்பியின் கால்தான் தெரிந்தது. தம்பியின் காலைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று தவித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், கூடத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, மறுகோடியில் உட்கார்ந்திருந்த தம்பியை நடந்து வரச் சொன்னாள்.

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். எழுந்தான். விறுவிறுவென்று நடந்து வந்து எதிரே நின்றான். ஒரு நொண்டல் இல்லை, தடுமாற்றம் இல்லை.

முதன்முதலாக நடப்பவன் நடை அல்ல அது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இது?"

"டாக்டர் சொன்ன அன்னியிலேர்ந்து. நீ வேலைக்குப் போனதும் மாடிப்படி ஏறி இறங்குவேன்."

"அப்ப என் தோள்ல சாஞ்சு நொண்டினது?"

"நடக்கறேன்னு தெரிஞ்சா உனக்கு அங்க வேலையே ஓடாது. உனக்குத் தைரியம் வரட்டும்னு இருந்தேன்கா."

திருட்டுப் பயலே என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. தம்பிதான் தோள் கொடுத்து அவளை நாற்காலிவரை கூட்டிப்போனான்.