பட்டினித் தொட்டி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 1956இல், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில், ஒரு கேழ்வரகுச் செடி பச்சையானதற்காக ஒருத்தியின் வேலையைப் பறித்தார்கள். முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘அல்சூர் ஏரியின் மேல் இளங்காலைப் பனி...’ அடித்துவிட்டேன். பனிக்கு இங்கே வேலையில்லை.

2

ஆதிகேசவன் பண்ணையில் அட்டெண்டர். கழுவின மணலில் கேழ்வரகு நட்ட இருபது தொட்டிகள் அவன் பொறுப்பு. பத்துக்கு நைட்ரஜன் உள்ள வெடியுப்புக் கரைசல். மீதிப் பத்துக்கு நைட்ரஜன் துளியும் இல்லாத தண்ணீர். ஊற்றுகிறவள் ஜீவனஹள்ளி அல்போன்சா. (அவள் கணவனைப் பற்றி ஒரு பாரா எழுதினேன், உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க. எடுத்துவிட்டேன்.)

(காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். செடிக்கு அதை எடுத்துக்கொள்ளத் தெரியாது. வெடியுப்பு மாதிரி ஏதாவது தண்ணீரில் கரைந்து வேருக்கு வரவேண்டும். வராவிட்டால் அடியிலை தன் சத்தைக் கழற்றி மேலே குருத்துக்கு அனுப்பிவிட்டு மஞ்சளாகிச் சாகும். நான் கல்லூரிக்குப் போனதில்லை. பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது.)

3

“ஏண்ணா, பட்டினி போட்டா வாடும்னு தெரிஞ்சுக்க இவ்ளோ படிக்கணுமா? எங்க வூட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு.”

அல்போன்சா கேட்டதற்கு ஆதிகேசவன் சிரித்தான். சிரித்தபிறகு பட்டினி வரிசையில் ஏழாம் தொட்டியைப் பார்த்தான். மூன்றாவது இலைவரை மஞ்சள் ஏறியிருந்தது. அவள் போனதும் அரை டம்ளர் வெடியுப்புக் கரைசலை அதில் ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். (இரக்கம் என்று எழுதினால் அவன் நல்லவனாகிவிடுவான். அந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.)

4

எட்டாம் நாள் ஏழாம் தொட்டியில் புது இலை கரும்பச்சையாக நின்றது. அதிகாரி சீனிவாசராகவன் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு யார் ஞானஸ்நானம் பண்ணினது? நீதானே அல்போன்சா?”

“மாதா சத்தியமா நான் இல்ல சார். நீங்க குடுத்த தண்ணியத்தான் ஊத்தினேன்.”

“ரெண்டு மாச வேலை பாழ்! நாளையிலேர்ந்து வராதே.”

அவள் ஆதிகேசவன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீயாவது சொல்லேன்.”

ஆதிகேசவன்

5

மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் அதிகாரி மன்னிக்கிறார். கிழித்தேன், அவர் அந்த ஜாதி மனிதர் இல்லை. அடுத்ததில் அல்போன்சா தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கிறாள். அதையும் கிழித்தேன், உடைக்கவேண்டியவள் அவளில்லை. மூன்றாவதில் “நான்தான் சார்” என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகர்ந்தது, அவன் வாய் அசையவில்லை. மணலைக் கிளறிக்கொண்டு நிற்கிறான், படுபாவி.

அவள் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. இத்தனை வருஷமாக அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலே பாதியில் நிற்கிற அந்த வாக்கியத்தை நீங்களாவது முடியுங்கள். சீக்கிரம்.